பல் தேய்க்காவிட்டால் போலீஸைக் கூப்பிடும் டாக்டர்

சைக்கிள் கடை மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதாம். எங்கள் தெருவில் அப்படி ஒரு பேச்சு. பிள்ளை ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று தெரிந்தால் அந்தம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாராம். கையுறையைக் கழற்றிவிட்டு நேரே போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டுவிடுவாராம். போன வருஷம் ஒரு தகப்பனை அப்படித்தான், கழுத்தில் கட்டிய காகிதத் துண்டைக்கூட அவிழ்க்க விடாமல் கூட்டிக்கொண்டு போனார்களாம்.

இந்தப் பேச்சால் தெருவுக்கு நன்மையும் இல்லாமல் இல்லை. பூச்சாண்டிக்கும் இருட்டுக்கும் பயப்படாத பிள்ளைகள் டாக்டரம்மா பேரைச் சொன்னால் பிரஷ்ஷை எடுத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் காலையில் பல் தேய்க்கிற சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கிறது. ஆனால் பல் வலி வந்தால் டாக்டரிடம் போகாமல் கிராம்பைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். பயத்துக்கு ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் சொத்தை.

யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனேன். தையல்காரம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் கண்ணால பார்க்கல. ஆனா பார்த்தவங்ககிட்ட கேட்டவங்களை எனக்கு நல்லாத் தெரியும்." கேட்டவர் அவருடைய நாத்தனார். நாத்தனாரிடம் போனால், "நானா? எனக்கே அண்ணிதான் சொன்னாங்க" என்கிறார். ஒரு வதந்தி ஒரே வீட்டுக்குள் உருண்டு உருண்டு இவ்வளவு கொழுக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

வேறு வழியில்லை. எனக்கும் கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து மாடி ஏறினேன்.

டாக்டரம்மாவைத் தெருவில் யாரும் டாக்டரம்மா என்று சொல்வதில்லை. வாயாடி டாக்டர் என்றால்தான் தெரியும். ஒல்லியான கை, மூக்கு நுனியில் கண்ணாடி, எந்த நேரமும் எங்கோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு அவசரம். கண்ணாடிக் குச்சி, கொக்கி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய் என்று நாலு சாமான்களை நம் வாய்க்குள் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பேச ஆரம்பிப்பார்.

"எத்தனை நாளா வலி? ரொம்ப நாளா? ரொம்ப நாளாத்தான் இருக்கும். சூடா சாப்பிட்டா வலிக்குதா? இல்ல, ஜில்லுன்னு சாப்பிட்டாத்தான். ராத்திரி தூக்கம் வரலையே? வராது. இதை முன்னாடியே காட்டியிருக்கலாம்ல? சோம்பேறித்தனம். சரி, பெரிய பொண்ணு எப்படி இருக்கா? நல்லா இருப்பா."

கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நமக்கு மிஞ்சியது "ஆ" ஒன்றுதான். அதையும் அவர் ஆமாம் என்றே எடுத்துக்கொள்வார். எனக்குப் பெரிய பொண்ணே கிடையாது. அன்று அந்த "ஆ"வினால் ஒரு மகள் கிடைத்தாள்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் அப்படியே. அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். வாழ்நாளில் பாதியை இரண்டு மாடிக்கு நடுவே தனியாகக் கழித்ததால் நிதானமான மனிதர். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு அவதான் என்கிட்ட கேட்டா" என்று சொல்லுவார். "நான் தொண்டையைச் செருமினேன். 'சம்மதம்தானே, எனக்குத் தெரியும்'னுட்டா. இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லல. பிள்ளைங்க ரெண்டும் காலேஜுக்குப் போயிடுச்சு."

டாக்டரின் வலது பக்கம் எப்போதும் நிற்பவர் குழாய் அக்கா. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே நாளெல்லாம் நிற்பதால் அந்தப் பேர். டாக்டர் பேசாத நேரத்தில் அக்கா பேசுவார். அதாவது, டாக்டர் சாப்பிடும்போது. ஆகவே நான் கேட்டதில் பாதி டாக்டர் வாயிலிருந்து, முக்கால்வாசி அக்கா வாயிலிருந்து. கூட்டினால் ஒன்றுக்கு மேலே வருகிறது. எங்கள் தெருக் கணக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

போன வருஷம் வரை டாக்டரின் கிளினிக் இந்தச் சைக்கிள் கடை மாடியில் இல்லை. இரண்டு தெரு தள்ளி, மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. கடை, மாடி, பின்னால் இருந்த வீடு எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றிக் கேட்டால் தெரு முழுக்க ஒரே பதில்: தங்கமான மனுஷன். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வயசானவர்கள் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஒரே ஒரு குறை, கிளினிக்குக்கு ஏறும் படிக்கட்டு. வழவழவென்று தேய்ந்து கிடந்தது. பல் பிடுங்க ஏறுகிறவன் காலை ஒடித்துக்கொண்டு வருவானோ என்று டாக்டர் வருஷக்கணக்காகக் கத்திப் பார்த்தார். "பண்ணிடலாம் டாக்டர், பண்ணிடலாம்" என்பார் தங்கமான மனுஷன். பண்ணமாட்டார்.

அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது. பூனைக்குட்டி என்று தெருவே கூப்பிட்டது. "அப்பா மாதிரியே அமைதி" என்று மெச்சிக்கொண்டது.

ஒருநாள் அந்தப் பூனைக்குட்டி மேல்வரிசை முன்பல் பாதி உடைந்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. டாக்டர் வழக்கம்போல சாமான்களை வாய்க்குள் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"என்னடி கண்ணு, எங்க விழுந்த? படியிலயா? படியிலதான்! அந்தப் பாழாப்போன படிதான், நானே ரெண்டு தடவை சறுக்கியிருக்கேன். படிதானே?"

பூனைக்குட்டி, "ஆ" என்றாள்.

"ஆமா டாக்டர், படிதான்" என்றார் அப்பா.

மறுநாளே படிக்கட்டு முழுக்க ரப்பர் விரிப்பு ஒட்டப்பட்டது. ஓரத்தில் மஞ்சள் கோடு வேறு. தெரு உருகிவிட்டது. மகள் விழுந்ததும் மனுஷன் துடித்துப்போனாரே என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். டாக்டருக்கு இரட்டைச் சந்தோஷம். ஒன்று, படி. இன்னொன்று, பல். நிறம் பார்த்து, மெருகேற்றி, எது ஒட்டியது எது முளைத்தது என்று தாயே கண்டுபிடிக்க முடியாதபடி அந்தப் பல்லைக் கட்டியிருந்தார். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பல்லின் புகழ்தான். அன்று அவர்கள் போகும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்: "பொண்ணு பல்லே தேய்க்கறதில்ல சார். கொஞ்சம் கண்டிப்பா இருங்க."

எந்தப் பல் டாக்டரும் எந்தத் தகப்பனிடமும் சொல்கிற வார்த்தைதான்.

சில மாதம் கழித்துப் பூனைக்குட்டி மறுபடி வந்தாள். இந்தத் தடவை அம்மா கூட்டி வந்திருந்தார். மேலுதடு வீங்கியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், உதட்டையும் ஈறையும் நடுவில் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய சதை நூல் அறுந்து தொங்கியது.

"பாத்ரூம்ல விழுந்துட்டா டாக்டர்" என்றார் அம்மா.

"பாத்ரூமா? வழுக்கும், வழுக்கும், சோப்புத் தண்ணி…" என்று டாக்டரும் ஆரம்பித்துவிட்டார். பேச்சு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தையல் போடுவதற்காக உதட்டை மரக்க வைக்கும் ஊசியையும் போட்டாயிற்று. விளக்கைச் சரிசெய்யத் தலையைக் கொஞ்சம் திருப்பியபோதுதான் காது தெரிந்தது. காது மடலின் விளிம்பில் நீலம். பின்னால் இன்னும் கொஞ்சம், பழசு, மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மறுபக்கம் திருப்பினார். அந்தக் காதிலும் இருந்தது.

பிள்ளைகள் விழுவதைப் பற்றி டாக்டரைவிட அதிகம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. ஊஞ்சல், சைக்கிள், சறுக்குமரம், அண்ணன் தள்ளிவிட்டது, எல்லாமே கடைசியில் அவருடைய நாற்காலிக்குத்தான் வரும். விழுகிற பிள்ளை முட்டியில் விழும், உள்ளங்கையில் விழும், நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் விழும். எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது அடிபடும். தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒளிந்திருக்கிற காது, அதுவும் இரண்டு காதும், பாத்ரூமில் போய் விழாது.

"போன தடவை படி, இந்தத் தடவை பாத்ரூமா?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்.

அம்மா முழித்தார். "படியா? போன தடவை சைக்கிள்லேர்ந்து இல்ல விழுந்தா?"

அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. சைக்கிள் அம்மா சொன்ன கதை. படி யார் சொன்ன கதை? பூனைக்குட்டி சொல்லவில்லை. அப்பாவும் முதலில் சொல்லவில்லை. வாய் நிறைய சாமானை வைத்துவிட்டு, கேள்வியைக் கேட்டு, பதிலையும் ஊட்டி, ஒரு குழந்தையின் "ஆ"வை வாங்கிக்கொண்டு, ஒரு மனுஷனுக்குப் பொய்யை இலவசமாகக் கொடுத்தது தான்தான். அவர் அதை வாங்கி ரப்பர் போட்டு ஒட்டியும்விட்டார்.

"அக்கா, இவங்களை வெளியில உட்கார வச்சுக் கொஞ்சம் தண்ணி குடு" என்று அம்மாவை அனுப்பினார். போடவேண்டியிருந்த ஒரு தையலைப் போட்டு முடித்தார். பிறகு வாயிலிருந்த எல்லாவற்றையும் எடுத்தார். விளக்கை அணைத்தார். நாற்காலியை நிமிர்த்தி, தன் முக்காலியைத் தாழ்த்தி, அவளைவிடக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு கண்ணு?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குழாய் அக்காவுக்குக் கண் விரிகிறது. "உள்ளேர்ந்து சத்தமே இல்ல. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. டாக்டருக்கு மாரடைப்புதான்னு முடிவு பண்ணிட்டேன். ஓடிப்போய் எட்டிப் பார்த்தா, உதட்டைப் பல்லால கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேசாம இருக்கறதுக்கு அந்தம்மா பட்ட பாடு இருக்கே, பிரசவ வலியில கூட அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்ல."

பூனைக்குட்டி முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். டாக்டர் காத்திருந்தார். பத்துப் பதில்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன, ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"நான் விழல" என்றாள் பூனைக்குட்டி. உதடு மரத்திருந்ததால் குழறிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "பல்லு தேய்க்க லேட்டாயிடுச்சு. அப்பா தேய்ச்சு விட்டாரு" என்றாள். "அழுதா காதைப் பிடிப்பாரு."

எங்கள் தெரு வதந்திக்கு விதை இதுதான். பல் தேய்க்காதது உண்மை. மீதியைத் தெருதான் தலைகீழாக நட்டு வளர்த்தது.

டாக்டர் அதற்கு மேல் துருவவில்லை. "நீ சொன்னது நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சொல்லத்தான் போகிறார். "இதைக் கவனிக்கிறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லப் போறேன்" என்றார்.

வெளியே வந்து அம்மாவிடம், "மரப்பு போகிற வரைக்கும் பாப்பா இங்கயே இருக்கட்டும். இப்ப போனா தெரியாம உதட்டைக் கடிச்சுக்குவா, தையல் பிஞ்சிடும்" என்றார். டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறதுதான், பொய்யில்லை. ஆனால் அந்த மரப்பு போகிற வரைதான் அவகாசம். அது போனால் பிள்ளை படியிறங்கி, கண்ணாடிக் கடையைத் தாண்டி, அந்தப் பின்வீட்டுக்குள்தான் போகவேண்டும். அதற்குள் ஏதாவது செய்யவேண்டும், அல்லது கேட்காத மாதிரி இருந்துவிடவேண்டும்.

இந்த இடத்தில் டாக்டரைப் பெரிய வீராங்கனையாகக் காட்ட எனக்கு ஆசைதான். அவர் விடமாட்டேன் என்கிறார். மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலில் போன் பண்ணியது வீட்டுக்காரருக்கு. அவர் எங்கோ ஒரு லிஃப்டுக்குள் இருந்தார்.

"நான் தப்பா நினைச்சிருந்தா?" என்றார் டாக்டர்.

"தப்பா இருந்தா என்ன ஆகும்?"

"அவர் மூஞ்சியில முழிக்க முடியாது. கிளினிக்கைக் காலி பண்ணணும்."

"சரியா இருந்தா?"

"அப்பவும் காலி பண்ணணும்."

"அப்ப கிளினிக் எப்படியும் காலி" என்றார் வீட்டுக்காரர். "மிச்சம் இருக்கறது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். நான் இப்ப ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். வேற சந்தேகம் இருந்தா சீக்கிரம் கேளு."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான வாசகம் அதுதான் என்று டாக்டர் சொல்கிறார்.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த அதிகாரியம்மா குரலே சலித்த குரல். டாக்டர் படபடவென்று ஆரம்பித்தார்: "நான் பல் டாக்டர் பேசறேன், நீங்க நம்பமாட்டீங்க, நிச்சயமா தெரியுமான்னு கேப்பீங்க, எனக்குத் தெரியாது, நான் யார் இதுல தலையிடன்னு நினைப்பீங்க…"

"அம்மா" என்றது அந்தக் குரல். "கேள்வியை நான் கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"என்ன பார்த்தீங்க?"

சொன்னார். உதடு, இரண்டு காது, ஒரு நீலம், ஒரு மஞ்சள், மூன்று கதைகள். பிள்ளை சொன்ன வார்த்தைகளைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மூன்று கதைகளில் ஒன்று தன்னுடையது என்பதையும் சொன்னார்.

"ஆனா நிச்சயமா தெரியலைங்க. சந்தேகம்தான்."

"சந்தேகம் போதும். நிச்சயம் பண்றது எங்க வேலை, அதையும் நீங்களே பண்ணிட்டா நாங்க எதுக்கு?" என்றார் அதிகாரியம்மா. "கிளம்பிட்டோம். பிள்ளை அங்கயே இருக்கட்டும்."

போனை வைத்தால் படியில் ரப்பர் அழுந்துகிற சத்தம். தங்கமான மனுஷன் மேலே வருகிறார்.

"என்ன டாக்டர், இன்னும் முடியலையா? நான் வேணா கூட்டிட்டுப் போறேன்."

வரவேற்பு அறையில் அம்மா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த பூனைக்குட்டி எழவில்லை, சுவரோடு சுவராகிவிட்டாள். டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இன்னொருத்தர் வாயைத் திறக்க வைத்துவிட்டால்?

"சார்! சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க பல்லைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? ரொம்ப நாளாச்சு. மாடியிலயே டாக்டரை வச்சுக்கிட்டுச் சுத்தம் பண்ணிக்காம இருக்கலாமா? இருக்கக் கூடாது. இப்ப நேரம் இருக்கா? இருக்கு. உட்காருங்க, உட்காருங்க, அக்கா, சாருக்குத் துண்டு கட்டு."

"இல்ல டாக்டர், இன்னொரு…"

அந்த "நாளைக்கு" வெளியே வருவதற்குள் குழாய் அக்கா காகிதத் துண்டைக் கழுத்தில் மாட்டிவிட்டார். மரியாதைக்காரருக்கு மரியாதைதான் பலவீனம். எழுந்து போனால் மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்குமே என்று உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது, விளக்கு கண்ணில் விழுந்தது, கண்ணாடிக் குச்சி உள்ளே போனது. அப்புறம் யார் எழுந்திருக்க முடியும்?

டாக்டர் வாழ்க்கையில் பேசிய பேச்செல்லாம் அன்றைய ஒத்திகைதான். கண்ணாடி வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டு, நன்றாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டார். மழை வருமா என்று கேட்டு, வராது என்று தீர்ப்புச் சொன்னார். படிக்கட்டு ரப்பரின் விலை, தரம், நிறம் எல்லாவற்றையும் விசாரித்துப் பதிலும் சொல்லி முடித்தார். ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினார். சுரண்ட ஒன்றுமே இல்லை. "அவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததே இல்ல" என்கிறார் டாக்டர். "முத்து மாதிரி வரிசை. ஒரு கறை கிடையாது. அதுதான் எனக்கே ஆச்சரியம்."

"நான் மட்டும் குழாயைக் கொஞ்சம் வேகமா வச்சேன்" என்கிறார் குழாய் அக்கா. "கொஞ்சம்தான். நாக்கு ரெண்டு தடவை ஒட்டிக்கிச்சு."

கடைசியில் வந்தது போலீஸ் இல்லை. கையில் குடையும் தோளில் துணிப்பையுமாக ஒரு அதிகாரியம்மா, கூட ஒரு இளைஞர். கடைசி நாலு பல்லை டாக்டர் இரண்டாம் முறையாக மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, வெளியில் இருந்த சின்ன அறைக்குள் அம்மாவையும் பிள்ளையையும் உட்கார வைத்து அதிகாரியம்மா பேச ஆரம்பித்திருந்தார். அம்மா முதலில் பாத்ரூம் என்றாராம். பிறகு சைக்கிள் என்றாராம். அதற்குப் பிறகு பூனைக்குட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கே உரிய சத்தமில்லாத குரலில், "நான் சொல்லிட்டேன்மா" என்றாளாம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தன் ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே இழுத்துக் காட்டினார்.

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அல்லது எல்லாம் ஆரம்பித்திருந்தது. கீழே போய்ப் பேசலாம் என்று, அதிகாரியம்மாவோடு வந்த இளைஞர் மரியாதையாக அவரைக் கூட்டிப்போனார். கழுத்தில் காகிதத் துண்டு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க அவருக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோலத்தில் அவர் படியிறங்குவதைத்தான் தெரு பார்த்தது. ஆக, வதந்தியில் அப்படியே உண்மையானது அந்தத் துண்டு ஒன்றுதான்.

அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிந்து அப்படியே பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள். வழக்கு நடக்கிறது. அப்பா பிள்ளையைப் பார்க்கவேண்டுமானால் அதிகாரியம்மா முன்னிலையில்தான் பார்க்கலாம். டாக்டர் எதிர்பார்த்தபடியே கிளினிக் காலியாயிற்று. சாமான்களை இறக்கிய நாளில் தெருவில் ஒருவர்கூட வந்து கை கொடுக்கவில்லை. குடும்ப விஷயத்தில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று எல்லாரும் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நாற்காலியை வீட்டுக்காரரும் சைக்கிள் கடைக்காரரும்தான் மேலே ஏற்றினார்கள்.

"நீங்க கண்டிப்பா இருங்கன்னு சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

டாக்டர் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தார். "அதிகாரியம்மாகிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். அடிக்கறவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லம்மா, பல் இல்லன்னா நகம், நகம் இல்லன்னா நிழல்னு சொன்னாங்க. சரிதான். ஆனா இப்பல்லாம் நான் அந்த வார்த்தையைச் சொல்றதில்ல. பிரஷ்ஷை எடுத்துக் குடுத்து, இந்தா, எனக்குத் தேய்ச்சுக் காட்டுன்னு பிள்ளைகிட்டயே சொல்லிடறேன்."

பிள்ளைகளிடம் மட்டும் அவர் மாறிவிட்டார். சின்னப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் முதலில் பேச்சு, அது முடிந்த பிறகுதான் சாமான். கேள்வி ஒன்று. அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பு. ஒரு பிள்ளை தன் நாயின் கதையைச் சொல்லி முடிக்கும்வரை வெளியே நாலு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்குப் பெரிய பொண்ணோடு இப்போது ஒரு மருமகனும் வந்தாயிற்று.

நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாளில் பூனைக்குட்டி பரிசோதனைக்கு வந்திருந்தாள். பெரியம்மா வீட்டில் மூன்று அக்காள்களுக்கு நடுவே வளர்கிறாள். ஒட்டிய பல் அப்படியே இருக்கிறது. நாற்காலியில் ஏறியதும், "டாக்டர், உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "இவ என்னைப் பேச விடறதே இல்ல" என்று டாக்டர் என்னிடம் முறையிட்டார்.

அம்மா வெளியில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை. இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா காட்டாதீங்க. சைக்கிள்னு சொன்னது நான்தான்."

பிறகு உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டருக்கு என்கிட்டேர்ந்து ஒண்ணு வரவேண்டியிருக்கு. நன்றியா, திட்டான்னுதான் எனக்கு இன்னும் தெரியல. ஒருநாள் காலையில எழுந்தா, கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுது. இன்னொரு நாள், என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா போன் பண்ணினீங்கன்னு சண்டை போடணும்னு தோணுது. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுவும் தெரியுது."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னேனே. எதுவா இருந்தாலும் குடுங்க, வாங்கிக்கறேன்னாங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். மகளின் பல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அம்மா எழுந்தார். "டாக்டர்…" என்று ஏதோ தொடங்கினார். டாக்டர் நின்றார். குழாய் அக்கா குழாயைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். நானும்தான்.

அம்மா மகளின் சட்டைக் காலரைச் சரி செய்தார். "ஒண்ணுமில்ல. அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.